பொறி: துன்பியல் நாடகத்தில் செய்தி வந்து சேரும் நேரம்

கிரேக்கக் கவிஞர் சோபோக்ளிஸின் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தில், கொரிந்திலிருந்து ஒரு கிழவர் தீப்ஸ் நகரத்துக்கு வருகிறார். அவர் சொல்ல வந்தது நல்ல செய்தி. அரண்மனை வாசலில் அரசி ஜொகாஸ்டா அப்போதுதான் அப்பல்லோவின் பீடத்தில் மாலையும் தூபமும் வைத்து, தன் கணவன் ஈடிப்பஸ் மன்னனின் கலக்கம் தீர வேண்டும் என்று கும்பிட்டிருக்கிறாள். வேண்டிய வாய் மூடுவதற்குள் கிழவர் எதிரே நிற்கிறார். கொரிந்து அரசர் பாலிபஸ் காலமாகிவிட்டார், அவருக்குப் பிறகு ஈடிப்பஸைத்தான் அரசராக்கப் போகிறார்கள் என்கிறார். 'தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய்' என்ற ஆரூடத்துக்குப் பயந்து அந்த பாலிபஸின் வீட்டைவிட்டு ஓடிவந்தவன் ஈடிப்பஸ். தந்தை வயதாகிப் படுக்கையில் இறந்தார் என்று கேட்டதும் அவனுக்குப் பாதி உயிர் திரும்புகிறது. மீதிப் பயம் தாயைப் பற்றியது. மெரோபி இன்னும் உயிரோடு இருக்கிறாளே! அந்தப் பயத்தையும் போக்கிவிடலாம் என்று கிழவர் ஆசையோடு வாயைத் திறக்கிறார்: நீங்கள் அவர்கள் பெற்ற பிள்ளையே இல்லை, கித்தேரான் மலையில் உங்களைக் கைக்குழந்தையாக வாங்கி அவர்களிடம் கொடுத்தவனே நான்தான்.

இங்கே ஜொகாஸ்டாவைப் பாருங்கள். ஏறக்குறைய 70 வரிகளாக அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. ஈடிப்பஸும் கிழவரும் கேள்வியும் பதிலுமாக ஒற்றை ஒற்றை வரியில் பேசிக்கொண்டே போகிறார்கள். குழந்தையின் கணுக்கால்கள் துளைக்கப்பட்டிருந்தன. அதைக் கொடுத்தவன், ஜொகாஸ்டாவின் முதல் கணவனான லாயஸ் மன்னனின் மேய்ப்பன். ஒவ்வொரு விவரமும் பேசுகிறவர்களுக்கு வெறும் தகவல்தான். பேசாமல் நிற்பவளுக்கோ ஒவ்வொன்றும் ஒரு கதவு அடைபடும் சத்தம். ஈடிப்பஸ் அவள் பக்கம் திரும்பிக் கேட்கும்போது அவள் முழுவதையும் அறிந்து முடித்திருக்கிறாள். விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள். அவன் கேட்கவில்லை. உள்ளே போகிறாள். தான் தாழ்ந்த குலத்தில் பிறந்தவன் என்று தெரிந்துவிடுமோ என அரசிக்கு வெட்கம், அதனால்தான் போகிறாள் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். மேடையில் நின்று பாடும் குழுவான கோரஸோ அதைவிட ஒரு படி மேலே போய், நம் அரசர் ஏதோ தேவனுக்கும் மலைத் தேவதைக்கும் பிறந்தவராக இருப்பார் என்று மகிழ்ந்து பாடுகிறது. சோபோக்ளிஸ் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தின் 1530 வரிகளில் ஆகக் கொடூரமான இடம் எது என்று என்னைக் கேட்டால், கண்களைக் குத்திக்கொள்ளும் பகுதியைச் சொல்லமாட்டேன். இந்தப் பாட்டைத்தான் சொல்வேன்.

மேற்கத்திய நாடக மரபில் துன்பியல் என்பது அடிப்படையில் ஒரு நேரக் கணக்கு. யாருக்கு எது எப்போது தெரியவருகிறது என்பதுதான் அதன் உயிர். தெரிய வேண்டிய செய்தி கடைசியில் தெரிந்தேவிடும், ஆனால் அதை வைத்து எதையும் மாற்ற முடியாத நேரத்தில் தெரியும். தமிழில் பொறி என்றால் இயந்திரமும்தான், எலிப்பொறியும்தான். இந்த நாடகங்களுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளில் மாறிக்கொண்டே வந்தது, செய்தியைத் தாமதப்படுத்துவது யார் என்பதுதான்: ஆரூடமா, ஆளா, வீடா.

'துன்பியல்' என்ற பெயர் நமக்குப் பழகிவிட்டாலும், துன்பம் மிகுந்த கதை என்றே எண்ண வைத்துவிடுகிறது. கிரேக்கர்களுக்கு சோக முடிவு கட்டாயமாக இருக்கவில்லை. யூரிப்பிடிஸின் 'டாரிஸ் நாட்டில் இஃபிஜெனியா' நாடகத்தில், பூசாரியாக இருக்கும் அக்கா அடையாளம் தெரியாமல் தன் தம்பியைப் பலியிட ஆயத்தமாகிறாள். கடைசி நேரத்தில் அவன் யாரென்று அறிந்து, இருவரும் தப்பிப் போகிறார்கள். அதுவும் துன்பியல்தான். அரிஸ்டாட்டில் தன் 'கவிதையியல்' நூலின் 14-ஆம் அத்தியாயத்தில் இவ்வகை அமைப்பையே மிகச் சிறந்தது என்கிறார். அதற்கு முந்தைய அத்தியாயத்திலோ நல்ல நிலையிலிருந்து கெட்ட நிலைக்கு விழுவதே சிறந்தது என்றிருக்கிறார். இந்த முரணைச் சமன்செய்ய அறிஞர்கள் காலங்காலமாகப் பாடுபட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சிக்கல் தெரியவில்லை. செய்தி ஒரு நொடி முந்தினால் இஃபிஜெனியா, ஒரு நொடி பிந்தினால் ஈடிப்பஸ். பொறி ஒன்றுதான்.

அந்தப் பொறி எந்த மேடையில் ஓடியது என்று தெரிந்துகொண்டால்தான் அதன் பல்சக்கரங்கள் புரியும். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் டயோனிசஸ் தெய்வத்தின் அரங்கு. இளவேனில் தொடக்கத்தில் திருவிழா. போட்டிக்கு மூன்று கவிஞர்கள், ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகங்களும் சாட்டிர் என்ற ஒரு கேலிக் கூத்தும். நடிகர்களின் செலவை நகரம் ஏற்கும். கோரஸின் பயிற்சிக்கும் உடைக்கும் ஒரு செல்வந்தர் பொறுப்பு. லிசியாஸ் எழுதிக்கொடுத்த ஒரு வழக்குரையில், துன்பியல் கோரஸுக்கு 30 மினா, அதாவது 3,000 டிராக்மா செலவிட்டேன் என்கிறார் ஒருவர். அதே காலத்தில் எரெக்தியான் கோவில் கட்டுமானக் கணக்கில் கைவினைஞரின் நாள்கூலி 1 டிராக்மா. கோரஸில் முதலில் 12 பேர், சோபோக்ளிஸ் 15 ஆக்கினார். பேசும் நடிகர்கள் மூவர் மட்டுமே. ஏஸ்கிலஸ் இரண்டாமவரையும் சோபோக்ளிஸ் மூன்றாமவரையும் கொண்டுவந்தார்கள் என்பது அரிஸ்டாட்டில் தரும் தகவல். எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் முகமூடி.

மூன்றே நடிகர்கள் என்பதை ஏதோ வறுமை என்று நினைக்கக் கூடாது. மேலே சொன்ன காட்சிக்கே திரும்பிப் போவோம். மேடையில் ஈடிப்பஸ், கொரிந்துக் கிழவர், ஜொகாஸ்டா. மூவரும் வந்தாயிற்று. அடுத்து லாயஸின் பழைய மேய்ப்பன் வந்தாக வேண்டும், கிழவரும் ஈடிப்பஸும் போகக் கூடாது. ஆக, ஜொகாஸ்டா உள்ளே போனால்தான் மேய்ப்பன் வெளியே வர முடியும். அவளாக நடித்தவரேதான் அந்தப் பாட்டு முடிவதற்குள் முகமூடி மாற்றிக்கொண்டு மேய்ப்பனாக வருகிறார். குழந்தையைக் கொடுத்தவளும் அதை வாங்கிக் காட்டுக்குக் கொண்டுபோனவனும் ஒரே உடம்பு, ஒரே குரல். பார்வையாளர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நாடகத்தின் வேகம் அந்த நெருக்கடியிலிருந்துதான் வருகிறது. உடம்புகள் குறைவாக இருப்பதால் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு போக்கு விலையாகிறது.

சிக்கனம் கதையிலும் உண்டு. அந்த மேய்ப்பனுக்கு ஆள் அனுப்பியது வேறொரு கேள்விக்காக. லாயஸைக் கொன்றது ஒருவனா, கூட்டமா? அந்தக் கொலையில் தப்பிப் பிழைத்த ஒரே சாட்சி அவன்தான். அவன் வந்து சேர்வதற்குள் கேள்வியே மாறிவிடுகிறது. ஒருவனா கூட்டமா என்று கடைசிவரை யாரும் அவனிடம் கேட்பதே இல்லை! தேவைப்படவில்லை. இவ்வளவு கச்சிதமான நாடகம் இடம்பெற்ற தொகுதிக்கு அந்த ஆண்டு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு ஏஸ்கிலஸின் உறவினரான ஃபிலோக்ளிஸுக்குப் போனது. அவருடைய நாடகம் ஒன்றுகூட முழுதாக நம் கைக்கு வரவில்லை.

இந்தக் காட்சியை இன்று மேடையேற்றுபவர்கள் செய்யும் தவறு ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிழவர் நுழையும்போதே பின்னணியில் இருண்ட இசையை ஓடவிட்டு, அவரை எமதூதர் மாதிரி நடக்கவிடுவார்கள். பொறி அங்கேயே துருப்பிடித்துவிடும். அந்த மனிதர் மகிழ்ச்சியாக வர வேண்டும். ஈடிப்பஸ் ஊருக்குத் திரும்பினால் தனக்கு ஏதாவது கிடைக்கும் என்ற ஆசையில்தான் வந்தேன் என்று அவரே ஒளிக்காமல் சொல்கிறார். ஆறுதல் சொல்ல வந்தவரின் வாயிலிருந்தே அழிவு வருகிறது என்பதைத்தான் அரிஸ்டாட்டில் பெரிப்பெட்டியா, அதாவது தலைகீழ்த் திருப்பம் என்ற கருத்துக்கு முதல் எடுத்துக்காட்டாக வைத்தார். அறிதலும் திருப்பமும் ஒரே நொடியில் நிகழ்வதே மேல் என்றும் சொன்னார். ஜொகாஸ்டாவை ஓரத்தில் நிறுத்திவிடுவது அடுத்த தவறு. பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்க, அவள் நடுவில் தெரிய வேண்டும். முகமூடி மேடையில் முகபாவம் கிடையாது. தோளும் கையும்தான் பேசியிருக்கும்.

கொலையும் சாவும் பெரும்பாலும் உள்ளே நடந்தன, தூதுவன் வந்து சொன்னான். இதற்கு மரியாதை, சமய உணர்வு என்று என்னென்னவோ காரணம் சொல்வார்கள். செத்துக் கிடப்பவருக்கு ஒரு நடிகரைச் செலவிட முடியாது என்ற கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உடலைக் காட்ட வேண்டும் என்றால் எக்கிக்ளேமா என்ற சக்கர மேடையில் வைத்துக் கதவு வழியே வெளியே உருட்டினார்கள். ஆனால் தூதுவன் வெறும் வசதிக்காக வந்தவன் இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய துன்பியல் நாடகமான ஏஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' கி.மு. 472-இல் மேடையேறியது. அதன் உச்சமே ஒரு தூதுவனின் வரவுதான். சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தோற்ற பாரசீகர்களின் தலைநகரில், மகனுக்காகக் காத்திருக்கும் தாயிடம் தோல்விச் செய்தி வந்து சேர்வதை, வென்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். எதிரியின் வீட்டு இழவை இவ்வளவு கண்ணியமாகக் காட்டிய மேடை வேறு எங்கே இருந்தது! இதற்கு முன்பே ஃபிரினிக்கஸ் என்பவர் நட்பு நகரமான மைலீட்டஸ் வீழ்ந்ததை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது, அவருக்கு 1,000 டிராக்மா அபராதம் விழுந்தது என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். சொந்தக் காயத்தை நேராகக் குத்தினால் அழுகை மட்டுமே மிஞ்சும். பார்ப்பவருக்கும் மேடைக்கும் நடுவே கொஞ்சம் தூரம் வேண்டும். கிரேக்கக் கவிஞர்கள் பெரும்பாலும் பழங்கதைகளையே எடுத்துக்கொண்டதற்கு இது முக்கியமான காரணம். கதை எல்லோருக்கும் முன்பே தெரியும். எப்போது எப்படித் தெரியவரும் என்பதுதான் தெரியாது.

'ஆண்டிகனி'யில் இந்த நேரக் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரிகிறது. அண்ணனின் பிணத்தைப் புதைத்த குற்றத்துக்காக ஆண்டிகனியைக் கிரேயான் மன்னன் உயிரோடு பாறைக் குகையில் அடைத்துவிட்டான். குருட்டு ஞானி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனதும் அவன் மனம் மாறுகிறது. கோரஸ் தெளிவாகவே சொல்கிறது: முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. கிரேயான் போகிறான். ஆனால் வரிசையை மாற்றிவிடுகிறான். முதலில் சமவெளிக்குப் போய், நாய்கள் கிழித்த உடலைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்குகிறாள். ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் இந்த நாடகத்தை இரண்டு நியாயங்களின் மோதலாகப் படித்தது புகழ்பெற்ற வாசிப்பு. குடும்பத்தின் நியாயம் ஒரு பக்கம், அரசின் நியாயம் மறுபக்கம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடையில் நெஞ்சைப் பிடிப்பது அந்த மண்மேடுதான். செய்ய வேண்டிய இரண்டையும் அவன் செய்தான், முறைதான் பிசகியது.

இனி 'ஹமார்ட்டியா'. துன்பியலைப் பற்றிய பாடங்களில் இந்தச் சொல் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாயகனின் குணக்கேடு என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள்: ஈடிப்பஸுக்குக் கோபம், ஷேக்ஸ்பியரின் மேக்பெத்துக்குப் பேராசை, ஹாம்லெட்டுக்குத் தயக்கம். விடைத்தாளில் எழுத வசதிதான். ஆனால் அரிஸ்டாட்டில் 13-ஆம் அத்தியாயத்தில் சொல்வது, பெரிய நல்லவனும் அல்லாத, கெட்டவனும் அல்லாத ஒருவன், தன் தீய குணத்தால் அல்லாமல், ஏதோ ஒரு ஹமார்ட்டியாவால் வீழ்கிறான் என்று. குணக்கேடு இல்லை என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லின் வினையடி ஹோமரில் ஈட்டி குறி தப்புவதைக் குறிக்கும். ஆக, பிசகு, தப்புக்கணக்கு என்பதே பொருளுக்கு நெருக்கம். முச்சந்தியில் வழிமறித்த கிழவனை ஈடிப்பஸ் அடித்துக் கொன்றது கோபத்தால்தான். ஆனால் அவன் அழிவது கோபக்காரனாக இருந்ததால் அல்ல. அந்தக் கிழவர் யாரென்று தெரியாததால்.

இந்தச் சொல்லைத் தவறாகப் படிக்கும் பிசகு எங்கே தொடங்கியது என்றால், தண்டனை என்று ஒன்று இருந்தால் குற்றமும் இருக்க வேண்டும் என்ற ஆசையில். 1678-இல் தாமஸ் ரைமர் என்ற ஆங்கில விமர்சகர் கவிதைக்குரிய நீதி என்ற தொடரையே உருவாக்கினார். நல்லவன் வாழ வேண்டும், கெட்டவன் வீழ வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் ஒவ்வொரு நாயகனிடமும் ஒரு குற்றத்தைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும். விமர்சகர்கள் நெடுநாளாகச் சொல்லும் ஒரு சோதனை இதற்கு மாற்று மருந்து. ஒதெல்லோவை ஹாம்லெட்டின் இடத்தில் வைத்துப் பாருங்கள், ஹாம்லெட்டின் தந்தையைக் கொன்ற கிளாடியஸ் முதல் அங்கத்திலேயே பிணமாகியிருப்பான். ஹாம்லெட்டை ஒதெல்லோவின் இடத்தில் வையுங்கள், மனைவிமேல் சந்தேகம் மூட்டும் இயாகோவின் பேச்சை அரை மணி நேரத்தில் அவிழ்த்துப் போட்டிருப்பான். ஓர் இடத்தில் குறையாகத் தெரியும் குணம் இன்னோர் இடத்தில் காப்பாற்றியிருக்கும். ஆளும் சூழலும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் விதத்தில்தான் பொறி இருக்கிறது. துன்பியல் பார்ப்பவரின் இரக்கத்தையும் அச்சத்தையும் என்ன செய்கிறது என்பதைக் குறிக்கும் கதார்சிஸ் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் துன்பியலுக்கான வரையறையில் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டு, கிடைத்திருக்கும் நூலில் அரிஸ்டாட்டில் அதை விளக்கவே இல்லை. கழுவுதலா, மருத்துவர் கொடுக்கும் பேதியா, தெளிவா என்ற சண்டை தீரப்போவதில்லை.

ரோமில் செனெக்கா. ஐந்து அங்கம், ஆவி, பழி, தன் பிள்ளைகளின் கறியைத் தெரியாமல் தின்னும் தகப்பன். அவருடைய பத்து நாடகங்களின் ஆங்கிலத் தொகுப்பு 1581-இல் லண்டனில் வந்ததும் அங்கே பழிவாங்கும் நாடகங்கள் பெருகின. நடுவில் இடைக்காலம் முழுக்க 'டிராஜெடி' என்ற சொல் மேடையை இழந்து, உயரத்திலிருந்து விழுந்தவர்களின் கதை என்ற பொருளில் மட்டும் உயிரோடு இருந்தது. அதிர்ஷ்டச் சக்கரம் சுழலும், மேலே இருந்தவர் கீழே போவார். அதில் தாமதமும் இல்லை, அறிதலும் இல்லை. அதனால்தான் அந்தக் கதைகள் சலிக்கின்றன.

லண்டன் மேடையில் பெரிய மாற்றம் கோரஸ் போனது. பதினைந்து பேர் எப்போதும் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் ரகசியம் பேச முடியாது. யூரிப்பிடிஸ் கி.மு. 431-இல் 'மெடியா'வை எழுதியபோது, பிள்ளைகளைக் கொல்லப்போகிறேன் என்று அவள் கோரஸ் பெண்களிடமே சொல்லி, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களும் பதறுகிறார்கள், தடுக்கப் பார்க்கிறார்கள், காட்டிக்கொடுக்க மட்டும் மாட்டார்கள். மேடை காலியானபின்தான் தனிமொழி பிறக்க முடிந்தது. கோரஸின் இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். இயாகோ தன் திட்டத்தை நம்மிடம் சொல்லிவிட்டுப் போகிறான், நம்மால் ஒதெல்லோவை எச்சரிக்க முடியாது. ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவின் கைக்குட்டையை எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் கொடுத்த எமிலியா, உண்மையைத் தன் கையிலேயே வைத்திருக்கிறாள். அது உண்மை என்று அவளுக்கு விளங்கும்போது டெஸ்டிமோனா மூச்சுத் திணறி முடிந்துவிட்டது.

செய்தி தாமதமாவதில் மட்டமானதும் உண்டு. 'ரோமியோ ஜூலியட்'டில் துறவியின் கடிதம் போய்ச் சேராததற்குக் காரணம், கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் தூதரை ஒரு வீட்டில் அடைத்துவைத்தது. வெளியிலிருந்து வந்த தற்செயல். மேடையில் இருக்கும் யாருடைய கையும் அதில் இல்லை. பத்து ஆண்டு கழித்து ஷேக்ஸ்பியர் 'லியர் மன்னன்' கடைசிக் காட்சியில் அதே தாமதத்தை எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். தொடக்கத்திலேயே எட்மண்ட் ஒரு படைத்தலைவனிடம் சீட்டு ஒன்றைக் கொடுக்கிறான்: லியரையும் அவர் கடைசி மகள் கார்டீலியாவையும் சிறையில் முடித்துவிடு. நாம் பார்க்கிறோம். பிறகு இருநூறு வரிகளுக்கு மேல் வேறு விஷயங்கள் ஓடுகின்றன. அக்காள் தங்கை சண்டை, மூன்று முறை எக்காளம், எட்மண்டும் அண்ணன் எட்கரும் போடும் வாள்சண்டை, எட்கர் தன் தந்தை இறந்த கதையை நிதானமாகச் சொல்வது, ரத்தக் கத்தியோடு ஓடிவரும் ஆள். எல்லாமே சுவையான காட்சிகள். அந்தச் சுவையில் நாமும் சிறையை மறந்துவிடுகிறோம். லியரின் விசுவாசி கென்ட் வந்து அரசர் எங்கே என்று கேட்கும்போதுதான், பெரிய விஷயத்தை மறந்துவிட்டோமே என்கிறான் லியரின் மருமகன் ஆல்பனி. அப்போதும் நேரே ஓடவில்லை, கொண்டுவரப்படும் இரு அக்காள்மாரின் பிணங்களைப் பார்த்து நிற்கிறார்கள். எட்மண்ட் தன் சாவுக்கு முன் மனம் மாறி உண்மையைச் சொல்கிறான். வாளை அடையாளமாகக் கொடுத்து ஆளை ஓடவிடுகிறார்கள். தெய்வங்கள் அவளைக் காக்கட்டும் என்கிறான் ஆல்பனி. அடுத்த நொடி, இறந்த மகளைக் கைகளில் ஏந்தியபடி லியர் நுழைகிறார்.

மறந்தது நாம். கொள்ளைநோய் அல்ல.

1606 டிசம்பர் 26 அன்று வைட்ஹால் அரண்மனையில் இதைப் பார்த்தவர்களில் பழைய 'லெயர்' நாடகத்தை அறிந்தவர்கள் இருந்திருக்கலாம். அது முந்தைய ஆண்டுதான் அச்சில் வந்திருந்தது. அதில் அரசன் மீண்டும் அரியணை ஏறுகிறான், மகளும் பிழைக்கிறாள். அவர்கள் எதிர்பார்ப்பையும் சேர்த்தே ஷேக்ஸ்பியர் உடைத்தார். இறுதி வரிகளும் இரு வடிவத்தில் கிடைக்கின்றன. இனி நீ வரவேமாட்டாய் என்று மகளிடம் சொல்லும் லியர், 'ஒருபோதும்' என்ற சொல்லை 1608 பதிப்பில் மூன்று முறை சொல்கிறார். 1623 பெருந்தொகுப்பில் ஐந்து முறை, ஓர் அடி முழுவதும் அந்த ஒரே சொல். பிறகு தன் பொத்தானைக் கழற்றிவிடக் கேட்கிறார், நன்றி சொல்கிறார். 1623 பதிப்பில் மட்டும், அவள் உதடுகளைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இறக்கிறார். அவள் மூச்சு விடுவதாக நினைத்தாரா? அப்படியென்றால் அவருடைய கடைசி அறிதலும் ஒரு பிசகு. நடிகர் எந்தப் பதிப்பைக் கையில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்து வேறொரு மனிதர் சாகிறார்.

இதை மக்கள் தாங்கவில்லை. 1681-இல் நேஹம் டேட் நாடகத்தைத் திருத்தினார். விதூஷகன் காணாமல் போனான், கார்டீலியா பிழைத்து எட்கரை மணந்தாள். ஒன்றரை நூற்றாண்டு இங்கிலாந்து மேடை இதைத்தான் ஆடியது. நடிகர் எட்மண்ட் கீன் 1823-இல் சோக முடிவை மீட்டார், மெக்ரீடி 1838-இல் விதூஷகனையும் சேர்த்துக் கொண்டுவந்தார். சாமுவேல் ஜான்சன் கார்டீலியாவின் சாவில் அதிர்ந்துபோய், பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டி வரும்வரை அந்தக் காட்சிகளை மறுபடி படிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார். டேட்டின் திருத்தத்தைக் கேலி செய்வது எளிது. ஜான்சனின் வலியை நான் மதிக்கிறேன். நாடகம் எவ்வளவு ஆழமாக வெட்டியது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

பிரான்ஸில் கதை வேறு. ஒரே இடம், ஒரே நாள், ஒரே செயல். இதில் 'ஒரே இடம்' அரிஸ்டாட்டிலில் இல்லவே இல்லை, 1570-இல் இத்தாலியர் காஸ்டெல்வெட்ரோ வகுத்தது. விதி பிசகும் இடம் கோர்னெய்யின் 'லெ சித்' நாடகத்தில் தெரிந்தது. 1637-இல் பெரும் வெற்றி. ஆனால் 24 மணி நேரத்துக்குள் ஒருவன் காதலியின் தந்தையைக் கொன்று, இரவில் மூர்களை வென்று, மறுநாள் இன்னொரு வாள்சண்டையும் முடித்து, அதே காதலியை மணக்க வாக்குப் பெறுகிறான். பிரெஞ்சு அகாதெமி மறு ஆண்டே கண்டித்தது. விதி காலத்தைச் சுருக்கியதே தவிர, மனம் அதே வேகத்தில் மாறுமா என்று கேட்கவில்லை.

ராசின் அதே விதியை ஆயுதமாக்கினார். 1677 ஜனவரி 1-இல் மேடையேறிய 'ஃபெத்ர்' நாடகத்தில், கணவர் தெசே இறந்துவிட்டார் என்று முதல் அங்கத்திலேயே செய்தி வருகிறது. அதை நம்பி ஃபெத்ர் கணவரின் மகனிடமே தன் காதலைச் சொல்லிவிடுகிறாள். மூன்றாம் அங்கத்தில் தெசே உயிரோடு திரும்பி வருகிறார். இங்கே அழிப்பது தாமதமான உண்மை அல்ல, முந்திக்கொண்ட பொய். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க ஒரு நாள் அவகாசம்கூட இல்லை, ஏனென்றால் நாடகத்துக்கே ஒரு நாள்தான். ரத்தம் மேடையில் சிந்தாது. மகன் இறந்ததை எழுபது வரிகளுக்கு மேல் ஒருவர் வந்து சொல்கிறார், பன்னிரண்டு அசை அடிகளில், மூச்சு பிசகாமல். ஏதென்ஸின் தூதுவன் பொய்முடி வைத்துக்கொண்டு மீண்டும் வந்துவிட்டான்.

அரசர்கள் இறங்கி வணிகர்கள் ஏறிய பதினெட்டாம் நூற்றாண்டை விரைவாகக் கடக்கலாம். 1731-இல் ஜார்ஜ் லில்லோ லண்டன் கடைப் பையன் ஒருவனை நாயகனாக்கியது துணிச்சல்தான். ஆனால் அந்த நாடகம் பயிற்சிப் பையன்களுக்கு விடுமுறை நாளில் காட்டும் நல்லொழுக்கப் பாடமாகிவிட்டது. லெஸ்ஸிங் 1755-இல் ஜெர்மனியில் இதைவிட நன்றாகச் செய்தார். நாயகனின் அந்தஸ்து குறைந்ததால் துன்பியல் குறையவில்லை. பாடம் புகட்டும் ஆசைதான் அதைக் குறைத்தது.

ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளரின் மரணம்' 1949 பிப்ரவரியில் மேடையேறியபோது அதே கேள்வி திரும்ப எழுந்தது. 63 வயது வில்லி லோமன் துன்பியல் நாயகனாக முடியுமா? முடியும் என்று மில்லரே அந்த மாதமே நாளிதழில் எழுதினார். எனக்கு அந்தஸ்துச் சண்டையைவிடக் கடைசி அறிதல் முக்கியம். மகன் பிஃப் அழுதபடி உண்மையைச் சொல்கிறான், நான் சாதாரணமானவன், என்னை விட்டுவிடுங்கள் என்று. வில்லிக்குக் காதில் விழுவது ஒன்றே ஒன்றுதான், மகன் என்மேல் அன்பாக இருக்கிறான். அது உண்மையும்கூட. அந்த அன்புக்காகவே 20,000 டாலர் காப்பீட்டுப் பணம் மகனுக்குக் கிடைக்கட்டும் என்று காரை எடுத்துக்கொண்டு போய்ச் சாகிறார். பணம் கிடைத்ததா என்று நாடகம் சொல்வதில்லை. ஈடிப்பஸ் கேட்ட டெல்ஃபிக் கோவிலின் ஆரூடம் இருந்த இடத்தில் ஒரு காப்பீட்டுப் பத்திரம் இருக்கிறது. இரண்டையும் நம்பியவர்கள் தங்களுக்கு வேண்டியபடிதான் படித்தார்கள்.

காப்பீடு என்றதும் இப்சனின் 'பேய்கள்' நினைவுக்கு வராமல் இருக்காது. 1881 டிசம்பரில் 10,000 படிகள் அச்சாகி, விற்பனையாளர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிய நாடகம். ஸ்காண்டினேவிய அரங்குகள் மறுக்க, 1882-இல் சிகாகோவில்தான் முதலில் மேடையேறியது. ஒரே அறை, ஒரு நாளுக்குள் கதை, வெளியே விடாத மழை. அதாவது ஈடிப்பஸின் அமைப்பேதான்: நடக்க வேண்டியது எல்லாம் திரை உயர்வதற்கு முன்பே நடந்துவிட்டது, மிச்சம் தெரியவருவது மட்டும். திருமதி ஆல்விங் இறந்த கணவரின் பெயரில் அனாதை இல்லம் கட்டியிருக்கிறார். அதற்குக் காப்பீடு எடுத்தால் கடவுளின் மேல் நம்பிக்கை இல்லை என்று ஊர் பேசும் என்கிறார் பாதிரியார் மாண்டர்ஸ். எடுக்கவில்லை. அன்றிரவே எரிகிறது.

ஆனால் பெரிய தீ கடிதங்களில் இருக்கிறது. கணவரின் சீரழிந்த வாழ்க்கை மகனுக்குத் தெரியக் கூடாது என்று சிறு வயதிலேயே ஓஸ்வால்டை வெளியே அனுப்பிவிட்டு, அப்பா எவ்வளவு உத்தமர் என்று கடிதம் கடிதமாக எழுதியவள் அந்தத் தாய். பாரிஸில் மருத்துவர் அவனைச் சோதித்துவிட்டு, இது தகப்பன் வழி வந்த நோய் என்கிறார். ஓஸ்வால்ட் அம்மாவின் கடிதங்களை எடுத்துக் காட்டுகிறான். அப்படியானால் நீயே தேடிக்கொண்டதுதான் என்று மருத்துவர் முடிவை மாற்றிக்கொள்கிறார். தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொண்டேன் என்ற குற்ற உணர்வோடு அவன் ஊர் திரும்பி வந்திருக்கிறான். கொரிந்துக் கிழவரைப் போலவே, ஆறுதலுக்காக அன்போடு அனுப்பப்பட்ட செய்திதான் இதுவும்.

மூன்றாம் அங்கத்தில் அவள் உண்மையைச் சொல்கிறாள். அவனுக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை. மறுபடி நோய் தாக்கினால் கொடுக்கச் சொல்லி, சேர்த்து வைத்திருக்கும் பன்னிரண்டு மார்ஃபின் குளிகைகளைக் காட்டுகிறான். அவள் விளக்கை அணைக்கிறாள். மழை நின்று விடிகிறது. பின்னால் பனிமலைகளில் சூரியன் பட்டுப் பளீரென்கிறது. நாடகம் முழுவதும் வராத வெளிச்சம். ஓஸ்வால்ட் சாய்வு நாற்காலியில் காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான், உடம்பு தளர்ந்துவிட்டது, கண்ணில் பார்வை நிலைக்கவில்லை. சூரியனைக் கொடு அம்மா என்கிறான். சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தாய் அந்தக் குளிகைகளோடு இரண்டடி தள்ளி நிற்கிறாள், திரை விழுகிறது.